பதிமூன்றாம் மாதம்

எழுபதுகளின் கடைசி வருடங்களில், பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு பம்புசெட் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்தேன். வடகரப்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. யாராவது கேட்டால் அம்மா, "மிஷினுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறா" என்று பதில் சொல்லி முடித்துவிடுவார். அது ஏறக்குறைய சரிதான். அந்த மிஷினுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், சுற்றியிருந்த மனிதர்களுக்குத்தான் போதவில்லை.

முதலாளி ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்கள் வாங்கியிருந்தார். ஒன்று எங்கள் தொழிற்சாலையில். இன்னொன்று எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த எங்கள் வார்ப்படக் கிளையில். அங்கே பம்புகளுக்கான வார்ப்புகள் தயாராகும், இங்கே அவற்றைக் கடைந்து பொருத்துவோம். எத்தனை வார்ப்பு வந்தது, எத்தனை உடைந்தது, கிடங்கில் எது இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு டிஸ்க்கில் ஏறி இரண்டு ஊருக்கும் நடுவே கம்பெனி வேனில் போய் வரும்.

டிஸ்க் என்றால் இப்போதுள்ளவர்கள் வேறு எதையோ நினைப்பார்கள். அது கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவு இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு கையாலும் தூக்க வேண்டும். தூசி ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊர்ப்பக்கம் செம்மண் ஜன்னல் கம்பியைக்கூடத் தின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் தூசி ஆகாத ஒரு சாமானை வைத்துக்கொண்டு நாங்கள் அல்லாடினோம்.

டிஸ்க்கின் உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: இன்ன பெயருள்ள ஃபைல், இந்தக் கட்டத்தில் ஆரம்பம், இத்தனை கட்டம் நீளம். இந்த அமைப்பை உருவாக்கியவர் எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர். நான் சேர்ந்தபோது அவர் பம்பாய்க்குப் போய்விட்டிருந்தார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. டிஸ்க்கில் ஓர் இம்மி இடத்தையும் வீணாக்கவில்லை. நாளைக்கு யாராவது எதையாவது சேர்க்க வேண்டி வந்தால் எங்கே சேர்ப்பார்கள் என்று மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அதை நினைத்துப் பார்ப்பது என் தலையில் விழுந்தது.

அவர் அமைப்பில் ஒவ்வொரு ஃபைலும் ஒரே நீளத்துக்கு, இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். ஒன்றை ஒட்டி இன்னொன்று. கிடங்கு ஃபைல் பெரிதாகிவிட்டால், அதற்கு அடுத்த ஃபைலை நகர்த்த வேண்டும். அதற்காக அதற்கடுத்ததையும். நாங்கள் அதைத் 'தள்ளுவது' என்போம். தள்ள ஆரம்பித்தால் மத்தியானம் முழுக்கப் போய்விடும். நடுவில் கரண்ட் போனால், நகர்ந்துகொண்டிருந்த ஃபைல் பாதி அங்கே பாதி இங்கே. எங்கள் சாலையில் கரண்ட் போகாத மத்தியானமே அபூர்வம்.

ஆகவே ஒரு ஃபைல் பல துண்டுகளாக, இடம் கிடைத்த கட்டங்களிலெல்லாம் சிதறி இருக்கும்படி அமைப்பையே மாற்ற வேண்டும் என்று எங்கள் பிரிவின் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். நல்ல மனிதர். எந்த விஷயத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைப்பவர்.

"ஒரு ஞாயித்துக்கெழமை வந்து எல்லாத்தையும் மாத்திடு. இதுக்குப் போய் இத்தனை யோசனையா?"

"பழைய டிஸ்க்கெல்லாம் இருக்குதுங்களே, சார்."

"அதையும் மாத்து."

"கிளையில இருக்கறதுங்க?"

"அவாளும் மாத்திக்கட்டும்."

"அவங்க மாத்த மாட்டேங்கறாங்க, சார். கேட்டுப் பாத்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ பழசையும் படிக்கணும், புதுசையும் படிக்கணும். அப்படி எழுது."

"அதுக்கு ஞாயித்துக்கெழம பத்தாதுங்க."

"நோக்கு எப்பவும் ஒரு தடசம்" என்றார். அந்த மலையாள வார்த்தையை அவர் என்னைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி பயன்படுத்துவார். தடங்கல் நான் இல்லை, டிஸ்க் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குகளில் நகல் எடுத்து மாற்றினால் சுலபம். புது டிஸ்க் கேட்டுப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான், லைசென்ஸ் வேண்டும், முதலாளி கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஆக, இருக்கிற டிஸ்க்கிலேயே, இருக்கிற ஃபைல்களை வைத்துக்கொண்டே மாற்ற வேண்டும். நாம் குடியிருந்துகொண்டே வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றச் சொல்கிறார்களே என்று அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

கிளையில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் என்னைப் போல புரோகிராம் எழுதுகிறவர்தான். பாலக்காட்டு அங்காடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பையன். கடையில் உட்காரப் பிடிக்காமல் தினமும் ரயிலேறி எல்லை தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தன் மிஷினில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பதில் கெட்டியாக இருந்தார். பழைய புரோகிராமில் தனக்கு வேண்டிய மாற்றங்களைத் தானே செய்து வைத்திருந்தார். நான் எழுதும் புதியதை ஏற்றினால் அவருடைய மாற்றங்களெல்லாம் போய்விடும். அந்த வருத்தம் நியாயமானதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ட்ரங்க் கால் போட்டு அவரிடம் மறுபடியும் கேட்டேன். லைன் கரகரத்தது. நான் புதிய அமைப்பின் நன்மைகளை எல்லாம் கத்திச் சொல்லி முடித்தேன்.

"ஏனுங்க" என்றார் பிறகு. "நல்லதா கெட்டதான்னு நான் கேக்கலைங்க. உங்க புது டிஸ்க் என் மிஷினுக்கு வந்து சேந்துச்சுன்னு வையிங்க. அதுல நான் எழுதலாமுங்களா? இல்ல, படிக்க மட்டுந்தான் செய்யலாமுங்களா? இல்ல, தொடவே கூடாதுங்களா? இந்த மூணுல எதுன்னு சொல்லாம சும்மா புதுசு புதுசுன்னா நான் என்னத்தச் செய்யறது?"

"அதத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"சொல்லலைங்க. நீங்க வேற என்னென்னமோ சொல்றீங்க."

போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரம் வரை கோபமாக இருந்தேன். தயிர்ச்சாதத்தைப் பிசையும்போதுதான் உறைத்தது. அவர் கேட்டதுதான் கேள்வி. நான் செய்யப் போகும் மாற்றங்கள் எல்லாம் ஒரே ரகமில்லை. சிலவற்றைப் பழைய புரோகிராம் கண்டுகொள்ளாமல் விட்டாலும் மோசமில்லை. சிலவற்றை அது படிக்கலாம், ஆனால் எழுதினால் ஆபத்து. சிலவற்றை அது படித்தாலே தப்புத் தப்பாகத்தான் படிக்கும். டிஸ்க்கை மாட்டியதும் இந்த மூன்றில் எது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

ஆனால் பழைய புரோகிராமுக்குத் தெரியவைக்க வழியே இல்லை. டிஸ்க் எந்த ரகம் என்று அது எங்கேயும் பார்ப்பதில்லை. எல்லா டிஸ்க்கும் தன்னுடையதுதான் என்ற நம்பிக்கையில் நேரே எழுத ஆரம்பித்துவிடும். பம்பாய்க்காரரை மனதுக்குள் திட்டினேன்.

கடைசியில் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். பழைய புரோகிராம் எந்த அடையாளத்தையும் பார்க்காதுதான். ஆனால் அட்டவணையைப் பார்க்கும், இடம் இருக்கிறதா என்று தேடும். இடமே இல்லையென்றால் எழுதாது. ஆகவே, அது எழுதக் கூடாத டிஸ்க்குகளில், காலி இடத்தையும், புதிய முறையில் சிதறிய துண்டுகள் இருக்கும் இடத்தையும் ஒரு பொய் ஃபைல் அடைத்துக்கொண்டிருப்பதாக அட்டவணையில் எழுதிவிட்டேன். படிக்கவும் கூடாத டிஸ்க் என்றால், அட்டவணையில் அந்தப் பொய் ஃபைல் மட்டுமே இருக்கும், முழு டிஸ்க்கும் அதன் நீளம். உண்மையான அட்டவணையை என் புதிய புரோகிராம் மட்டுமே அறிந்த வேறொரு கட்டத்தில் வைத்தேன். ஃபைலின் பெயருக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்துதான் இடம். 'ஃபில்லர்' என்று பெயர் வைத்தேன். சரியாக ஆறு எழுத்து.

சோதித்துப் பார்த்தேன். பழைய புரோகிராம் அந்த டிஸ்க்கை மாட்டியதும், இடமில்லை என்று மிஷினோடு இணைத்திருந்த டைப்ரைட்டரில் அடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெகு நாளைக்குப் பிறகு மிஷின் நான் சொன்னதைக் கேட்ட மாதிரி இருந்தது. மேலதிகாரியிடம் போய் விளக்கினேன். படிக்க மட்டுமான டிஸ்க் ஒன்று கிளைக்குப் போகப் போகிறது, அதில் 'ஃபில்லர்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொடக் கூடாது என்றேன். தலையாட்டினார். அடுத்த நாளும் ஒருமுறை சொன்னேன். அப்போதும் தலையாட்டினார்.

பிறகு எனக்குப் பல்வலி வந்தது. ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பக்கத்துச் சித்தூரில் பல் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் பஞ்சோடு மறுநாள் வேலைக்குப் போனேன். மேலதிகாரி சந்தோஷமாக இருந்தார்.

"நேத்திக்குக் கிளையிலேந்து ஃபோன் வந்தது. அங்க உள்ளவர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டாராம். கிளார்க்குதான் பேசினான். டிஸ்க்கிலே எடமில்லை, வார்ப்புக் கணக்கை ஏத்த முடியலைன்னான். நானே ஃபோன்லயே சரி பண்ணிக் குடுத்துட்டேன்."

பஞ்சை எடுத்தேன். "என்னங்க சார் பண்ணுனீங்க?"

"லிஸ்ட்டைப் படிக்கச் சொன்னேன். ஃபில்லர்னு ஒண்ணு பெரிசா எடத்தை அடைச்சிண்டிருந்தது. ஃபில்லர்னா சும்மா ரொப்பறதுதானே? அழிச்சுடச் சொன்னேன். வேண்டிய எடம் கெடைச்சுடுத்து."

பஞ்சைத் திரும்பக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். பேசினால் வாயிலிருந்து ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கிளார்க் ஏற்றிய வார்ப்புக் கணக்கு, அந்தப் பொய் ஃபைல் மறைத்து வைத்திருந்த கட்டங்களில் இருந்த எங்கள் கிடங்கு விவரங்களின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. என் உண்மையான அட்டவணையும் அதில் போயிற்று. அந்த டிஸ்க் திரும்பி வந்து நான் மாட்டியபோது, புதிய புரோகிராம், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர்களின் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த வார்ப்புகளின் எடையைப் படித்தது.

"நேக்குச் சொல்லியிருக்கணுமோன்னோ?" என்றார் மேலதிகாரி.

"சொன்னனுங்க, சார். ரெண்டு தடவ."

"அப்போ நான் சரியாக் கேக்கலை" என்றார். அதற்கு மேல் அவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அவரே வரவுச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கிடங்கிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். பழைய நகல் ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் மறுபடியும் டைப் அடித்து ஏற்றினோம். டைப் அடிக்கும் பெண் நாளெல்லாம் என்னைப் பார்க்காமலேயே அடித்தாள். அவள் யார் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.

கிளைக்காரர் கல்யாணத்திலிருந்து திரும்பியதும் அவரே ட்ரங்க் கால் போட்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"என் மிஷின்ல வச்சுத்தானுங்களே நடந்துச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "நான் இருந்திருந்தா அழிச்சிருக்க மாட்டனுங்க."

"உங்க புரோகிராம் முழுசும் மாத்த வேண்டாமுங்க" என்றேன். "டிஸ்க் மாட்டுன ஒடனே ஒரு எடத்தப் பாத்து, தெரியாத ரகமா இருந்தா வேண்டாம்னு சொல்ற மாதிரி ஒரு சின்னச் சோதன மட்டும் சேத்துக்குவீங்களா?"

"அதுக்குச் சம்மதமுங்க. நீங்களே வந்து போட்டுக் குடுங்க."

கம்பெனி வேனில் புறப்பட்டேன். மடியில் ஒரு டிஸ்க். வழக்கமாக அதை டிரைவர்தான் கொண்டுபோவார், நான் எல்லையை அதோடு கடந்ததில்லை. செக்போஸ்ட்டில் லாரி வரிசைக்குப் பின்னால் வெகு நேரம் நின்றோம். புதிதாக வந்திருந்த ஓர் அதிகாரி வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதெந்தா?"

"டிஸ்க்" என்றேன்.

"பாட்டுப் ப்ளேட்டாணோ? வில்பனைக்கா?"

பாட்டு இல்லை, கம்பெனிக் கணக்கு, விற்பனைக்கு இல்லை என்று மலையாளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். கணக்கென்றால் புத்தகமாக அல்லவா இருக்கும் என்றார். திறந்து காட்டச் சொன்னார். வெளியே காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. திறந்தால் இது வீணாகிவிடும் என்றேன். வீணாகும் சாமானென்றால் அது என்ன சாமான் என்று அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. கடைசியில் டிரைவர் இறங்கி அவரை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். "அதச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க" என்றார். இன்றுவரை தெரியாது.

கிளையில் கிளைக்காரர் டீ வாங்கி வைத்துக் காத்திருந்தார். நான் கொண்டுபோன துண்டு புரோகிராமை அவருடையதில் சேர்த்தோம். முதல் கட்டத்தின் கடைசியில் ஓர் இடம் சும்மா கிடந்தது. பம்பாய்க்காரர் தன் குறிப்பில் 'இது எப்போதும் பூஜ்யம்' என்று எழுதி வைத்திருந்தார். அவர் விட்டுவைத்த ஒரே சும்மா இடம் அதுதான். புதிய டிஸ்க் என்றால் அங்கே ஓர் எண் இருக்கும், பூஜ்யமென்றால் பழசு, தெரியாத எண் என்றால் தொடாதே. இதுதான் என் ஏற்பாடு.

அவருடைய டிஸ்க் ஒன்றை மாட்டினோம். 'தெரியாத ரகம். தொட மாட்டேன்' என்று டைப்ரைட்டர் ஆங்கிலத்தில் அடித்தது.

"இது பழசுதானுங்களே?" என்றேன்.

"பழசுதானுங்க."

அடுத்ததை மாட்டினோம். தெரியாத ரகம். அதற்கடுத்ததும் அப்படியே. நான் என் துண்டு புரோகிராமை வரி வரியாகத் திரும்பப் பார்த்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை. கிளைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"அந்தக் கடேசி எடத்துல..." என்று ஆரம்பித்தார். "நான் தேதி போட்டு வச்சிருக்கறனுங்க."

"எந்தத் தேதி?"

"எப்ப நகல் எடுத்தேன்னு. ஒவ்வொரு டிஸ்க்கிலயும்."

"பூஜ்யம்னு எழுதியிருக்குதுங்களே, அந்த எடம்."

"யாரும் உபயோகிக்கலைன்னுதானுங்க பூஜ்யம். அதான் நான் உபயோகிச்சேன்."

எனக்கு அழுகை வரும்போலிருந்தது. பம்பாய்க்காரர் முன்னால் இருந்தால் அவரையும், மேலதிகாரியையும், செக்போஸ்ட் அதிகாரியையும், இவரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து எல்லோரையும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். வேறு இடம் டிஸ்க்கில் இல்லை. அந்தத் தேதிகளை அழித்தால் எந்த நகல் எப்போது எடுத்தது என்று இவருக்குத் தெரியாமல் போகும், ஆகவே அழிக்க மாட்டார்.

"என் புரோகிராம் நல்லதுன்னு நெனச்சுக்குங்க" என்றேன். "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுச்சு. தெரிஞ்ச மாதிரி காட்டி எழுதியிருந்தா இந்நேரம் இதுவும் போயிருக்கும்."

"அது சரிதானுங்க" என்றார். டீயைக் கீழே வைத்தார். ஒரு தாளை எடுத்துத் தேதியை எப்படி எழுதியிருக்கிறார் என்று காட்டினார். வருடம், மாதம், நாள், மூன்றும் ஒரே எண்ணில் அடுக்கியிருந்தார். மாதம் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"மாசம் பன்னெண்டுக்கு மேல போகாதுங்களே."

நான் நிமிர்ந்தேன்.

"பதிமூணாம் மாசம்னு ஒண்ணு இருந்தா அது என் தேதியா இருக்காது. உங்க அடையாளமாத்தான் இருக்கும். பதிமூணு, கண்டுக்காம எழுதலாம். பதினாலு, படிக்க மட்டும். பதினஞ்சு, தொடாத. போதுமுங்களா?"

போதும். அவ்வளவு எளிது. அவர் அந்த மூன்று கேள்விகளை ட்ரங்க் காலில் கேட்டு ஒரு வருடமாவது ஆகியிருக்கும், அந்த மூன்றும் இப்போது அவர் தேதியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன. இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவு நாளில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். அவர் நகல் எடுக்கும் புரோகிராமிலும் ஒரு வரி சேர்த்தார், மாதம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தால் அங்கே தேதி எழுதாதே என்று. சேர்த்துவிட்டு, "இனிமே என் எடத்துல நீங்க, உங்க எடத்துல நானுங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாற்றும் வேலை ஒழுங்காக நடந்தது. எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்யவில்லை. எந்த டிஸ்க் வேலைக்கு வருகிறதோ அதை மட்டும், அப்போதைக்கு. ஃபைல்களை நகர்த்தாமல், காலிக் கட்டங்களில் புதிய அட்டவணையை முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக முதல் கட்டத்தை மட்டும் மாற்றும்படி எழுதியிருந்தேன். அந்தக் கடைசி எழுத்து விழும் வரை அது பழைய டிஸ்க், விழுந்த பின் புதியது. நடுவில் வேறு எந்த நிலையும் கிடையாது.

ஒரு மத்தியானம், பெரிய டிஸ்க் ஒன்று மாறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஏ.சி. நின்றது. டிஸ்க் சுற்றுவது மெதுவாக அடங்கும் சத்தம் கேட்டது. மேலதிகாரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றேன், உள்ளே நிற்கப் பயம். கரண்ட் வந்ததும் அவரும் என் பின்னாலேயே வந்தார். டிஸ்க்கை மாட்டினேன். பழைய டிஸ்க் என்று படித்தது. எதுவும் போகவில்லை. மாற்றத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதானுங்க, சார்."

"ஒண்ணுமே ஆகலையே."

"ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்குத்தானுங்க இத்தன நாள் எடுத்தது."

அவர் தலையாட்டினார். அது கேட்டுத்தான் ஆட்டினார் என்று நம்புகிறேன்.

ஒரு வருடத்துக்குள் எங்கள் டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாம் புதிய அமைப்புக்கு வந்துவிட்டன. கிளைக்காரரும் தன் மாற்றங்களைப் புதிய புரோகிராமில் சேர்த்துக்கொண்டு கடைசியில் மாறினார். தள்ளுவது என்ற வேலையே இல்லாமல் போயிற்று. மேலதிகாரி முதலாளியிடம் 'நாங்கள் செய்தது' என்று சொன்னார். நாங்கள் என்றபோது என்னையும் பார்த்துக் கை காட்டினார், அது பெரிய காரியம்தான்.

ஆனால் வேலை முடியவில்லை. அந்தக் காலத்து மிஷினின் ஞாபக இடம் மிகச் சின்னது. பழைய டிஸ்க்கைப் படிக்கும் பகுதி என் புரோகிராமில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சம்பளக் கணக்கு பெரிதாகிக்கொண்டே போயிற்று, அதற்கு இடம் போதவில்லை.

"பழசு படிக்கற பாகத்தை எடுத்துடலாமோ? எல்லாம்தான் மாறியாச்சே" என்றார் மேலதிகாரி.

"ஆடிட்டர்ங்க சீல் வச்ச டிஸ்க் ரெண்டு இருக்குதுங்க, சார். அத மாத்தக் கூடாதுன்னிருக்காங்க. எப்பக் கேப்பாங்கன்னும் தெரியாது."

"அதெல்லாம் கேக்க மாட்டா."

எடுக்கவில்லை. அவர் சொல்வதற்கு எதிராகச் செய்து அலுத்துப்போயிருந்தும் எடுக்கவில்லை. இடம் வேண்டுமென்பதற்காக, மிஷின் டைப்ரைட்டரில் அடிக்கும் செய்திகளைச் சுருக்கினேன். 'தெரியாத ரகம். தொட மாட்டேன்' என்பது 'ரகம்?' என்றாயிற்று. 'டிஸ்க்கில் இடமில்லை' என்பது 'இடம்?' என்றாயிற்று. அதற்குப் பிறகு வந்த புது ஆப்பரேட்டர்கள் அந்த ஒற்றை வார்த்தைகளைப் பார்த்துக் குழம்பி, ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி வந்தார்கள். டைப் அடிக்கும் பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலே போட்டுவிட்டாள், வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும் என்று.

ஆடிட்டர்கள் அந்த டிஸ்க்குகளைக் கேட்டார்கள், ஒரு தடவை. நான் வேலையை விட்டு, கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்குப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு. சீல் உடைத்து மாட்டினேன். நான் எடுக்காமல் வைத்திருந்த, பழசைப் படிக்கும் பகுதி அதைப் படித்தது. ஒரு பழைய வருடத்துக் கிடங்குக் கணக்கு டைப்ரைட்டரில் வரிவரியாக வந்தது. ஆடிட்டர் அதில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்தார், சரி என்றார், மறுபடியும் சீல் வைத்துக்கொண்டு போய்விட்டார்.